அட்டையில் துளையிட்டு உலகை எண்ண வைத்தவர்

சென்ற தவணையில் எங்கள் பல்கலைக்கழகத்தின் மாணவர் சங்கம் ஒன்றில் பட்டியல் தயாரிக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. கல்விக் கடன் கைக்கு வரும் வரை சிரமப்படும் மாணவர்களுக்கு உணவுக் கூப்பன் வழங்கும் திட்டம் அது. மொத்தம் 62 பேர் விண்ணப்பித்திருந்தார்கள். இருபத்தைந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மட்டுமே கூப்பன் என்பது நன்கொடையாளரின் நிபந்தனை.

வயதைக் கண்டுபிடிப்பது எளிது என்று நினைத்தேன். நம் அடையாள அட்டையின் 12 இலக்கங்களில் முதல் ஆறும் பிறந்த ஆண்டு, மாதம், நாள். எக்செலில் ‘லெஃப்ட்’, ‘மிட்’ என்ற இரண்டு செயற்கூறுகளைக் கொண்டு அந்த இலக்கங்களை வெட்டியெடுத்துத் தேதியாக்கினேன். முதல் மூன்று வரிகளைச் சரிபார்த்தேன். மூன்றும் சரியாக இருந்தன. வயது வரம்பைக் கொண்டு வடிகட்டினேன். 43 பேர் மிஞ்சினார்கள். அந்தப் பட்டியலை அனுப்பிவிட்டுத் தூங்கப் போனேன்.

இரண்டாவது வாரம் முதலாம் ஆண்டு மாணவி ஒருத்தி தயங்கித் தயங்கி என்னிடம் வந்தாள். தனக்கு ஏன் கூப்பன் கிடைக்கவில்லை, விண்ணப்பத்தில் ஏதேனும் தவறா என்று கேட்டாள். பட்டியலைத் திறந்து பார்த்தேன். 2004-ஆம் ஆண்டு மே மாதம் 17-ஆம் நாள் பிறந்த அவளை என் சூத்திரம் 1944-ஆம் ஆண்டு மே மாதம் 9-ஆம் நாள் பிறந்தவளாக மாற்றியிருந்தது. எண்பது வயதைத் தாண்டிய பாட்டி என்று நினைத்து எக்செல் அவளை நீக்கிவிட்டது. அவளைப் போலவே இன்னும் 18 பேர். இரண்டு வாரங்களாக அவர்கள் எதைச் சாப்பிட்டார்கள் என்று கேட்கும் துணிவு எனக்கு இல்லை.

எங்கே தவறினேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதைத் தேடிப் போனபோதுதான் நூறாண்டுகளுக்கு முந்தைய ஒரு மனிதர் எனக்கு அறிமுகமானார். தகவலை இடம் பிரித்து வைப்பது, பிறகு வேண்டிய இடத்தை மட்டும் படித்து எடுப்பது என்ற வேலையை இயந்திரத்துக்குக் கற்றுக் கொடுத்தவர் அவர். பெயர் ஹெர்மன் ஹாலரித்.

எழுத்துக்கூட்டலுக்குப் பயந்த சிறுவன்

ஹாலரித் 1860-ஆம் ஆண்டு பிப்ரவரி 29-ஆம் நாள் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் உள்ள பஃபலோ நகரில் பிறந்தார். பெற்றோர் ஜெர்மனியிலிருந்து குடியேறியவர்கள். பிறந்த தேதியே வேடிக்கையானது. 1900-ஆம் ஆண்டு லீப் ஆண்டு அல்ல என்பதால், 1896-க்குப் பிறகு 1904 வரை எட்டு ஆண்டுகள் அவருக்குப் பிறந்தநாளே வரவில்லை.

தந்தை மொழி ஆசிரியர். ஆனால் மகனுக்கோ எழுத்துக்கூட்டல் என்றாலே அச்சம். அந்த வகுப்பிலிருந்து தப்பிக்கப் பள்ளியின் மாடிச் சன்னல் வழியாகக் குதித்து ஓடினான் என்று அவருடைய வாழ்க்கை வரலாற்றில் சொல்வார்கள். பிறகு வீட்டிலேயே தனி ஆசிரியரிடம் படித்தார். கணிதமும் வரைபடமும் நன்றாக வந்தன. 19 வயதில், 1879-ஆம் ஆண்டு, கொலம்பியா கல்லூரியின் சுரங்கப் பள்ளியில் பொறியாளர் பட்டம் பெற்றார். எழுத்துகளைக் கண்டு ஓடிய அந்தச் சிறுவனின் பெயர்தான் பிற்காலத்தில் கணினி மொழி ஒன்றில் எழுத்துகளைக் குறிக்கும் அடையாளமாக மாறியது. அதற்குப் பிறகு வருகிறேன்.

ஏழு ஆண்டுகள் எடுத்த எண்ணிக்கை

பட்டம் பெற்ற கையோடு, தன் பேராசிரியர் ஒருவரின் உதவியாளராக 1880-ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சேர்ந்தார். அமெரிக்க அரசியலமைப்பின்படி பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை மக்களை எண்ணியாக வேண்டும். எந்த மாநிலத்துக்கு எத்தனை நாடாளுமன்ற இடங்கள் என்பது அந்த எண்ணிக்கையைப் பொறுத்தது.

1880-இல் மக்கள்தொகை 5 கோடி. வீடு வீடாகச் சென்று எழுதி வந்த தாள்களை எழுத்தர்கள் கையால் கோடிட்டுக் கோடிட்டு எண்ணினார்கள். திருமணமான ஆண்கள் எத்தனை பேர் என்று எண்ண ஒருமுறை. அவர்களில் வெளிநாட்டில் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ண அதே தாள்களை மறுபடியும் ஒருமுறை. புதிய கேள்வி எழுந்தால் மீண்டும் முதலிலிருந்து. எல்லா அட்டவணைகளும் முடிய ஏழு ஆண்டுகளுக்கு மேல் ஆயின. மக்கள்தொகை வளர்ந்துகொண்டே போனால், ஒரு கணக்கெடுப்பு முடிவதற்குள் அடுத்தது வந்துவிடும்.

அங்கே பிறப்பு இறப்புப் புள்ளிவிவரங்களுக்குப் பொறுப்பாக இருந்தவர் ஜான் ஷா பில்லிங்ஸ் என்ற மருத்துவர். இந்த வேலையைச் செய்ய ஓர் இயந்திரம் இருக்க வேண்டும் என்று அவர் இளைஞர் ஹாலரித்திடம் பேச்சுவாக்கில் சொன்னார். ஹாலரித் அதைப் பேச்சோடு விடவில்லை. பில்லிங்ஸையே கூட்டாகச் சேர அழைத்தார். வழி ஒன்று பிறந்தால் போதும் என்று மருத்துவர் ஒதுங்கிக்கொண்டார்.

நாடாவிலிருந்து அட்டைக்கு

1882-இல் ஹாலரித் எம்ஐடியில் விரிவுரையாளரானார். கற்பிப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. அங்கிருந்து விலகி, பின்பு வாஷிங்டனில் காப்புரிமை அலுவலகத்தில் சில காலம் பணியாற்றினார். ஒரு கண்டுபிடிப்பை எப்படிப் பதிவு செய்வது, எப்படிப் பாதுகாப்பது என்பதை அங்கே கற்றுக்கொண்டு வெளியே வந்தார். 1884-இல் தன் முதல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்.

முதலில் அவர் பயன்படுத்தியது நீண்ட காகித நாடா. ஒவ்வொருவரின் விவரமும் நாடாவில் துளைகளாக வரிசையாக இருக்கும். அதில் ஒரு பெரிய குறை இருந்தது. குறிப்பிட்ட ஒரு பிரிவினரை மட்டும் எண்ண வேண்டுமானாலும் நாடா முழுவதையும் ஓட்டியாக வேண்டும். இடையில் ஒருவரைத் திருத்தவோ தனியே எடுக்கவோ முடியாது.

இதற்கான விடையை அவருக்கு ஒரு ரயில் பயணம் நினைவூட்டியது. அக்காலத்தில் டிக்கெட் திருட்டைத் தடுக்க, நடத்துநர்கள் பயணியின் அடையாளத்தை டிக்கெட்டின் ஓரத்தில் துளையிட்டுக் குறிப்பார்கள். தலைமுடி வெளிர் நிறமா, கண் கருமையா, மூக்கு பெரியதா என்று ஒவ்வொன்றுக்கும் டிக்கெட்டில் ஓர் இடம் உண்டு. நடத்துநர் செய்ததை மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் செய்தால் என்ன? ஒருவருக்கு ஓர் அட்டை. அட்டையில் ஒவ்வொரு கேள்விக்கும் ஓர் இடம். ஆண் என்றால் இங்கே துளை, பெண் என்றால் அங்கே துளை.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. துளைக்கு என்று தனியாகப் பொருள் எதுவும் இல்லை. அது எந்த இடத்தில் இருக்கிறது என்பதே அதன் பொருள். அடையாள அட்டை எண்ணில் 08 என்பது ஏழாம், எட்டாம் இடங்களில் இருந்தால் பேராக். மூன்றாம், நான்காம் இடங்களில் இருந்தால் ஆகஸ்ட் மாதம். அதே கொள்கைதான்.

ஐந்தரை மணி நேரம்

1889-ஆம் ஆண்டு ஜனவரி 8-ஆம் நாள் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. அதே ஆண்டு கணக்கெடுப்பு அலுவலகம் ஒரு போட்டி நடத்தியது. பழைய கணக்கெடுப்பில் செயின்ட் லூயிஸ் நகரப் பகுதியின் விவரங்களைக் கொடுத்து, மூன்று முறைகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மற்ற இரண்டும் வண்ண மையும் வண்ண அட்டையும் கொண்டு கையால் பிரிப்பவை.

தகவலைப் பதிவு செய்ய மற்ற இருவருக்கும் 144.5 மணியும் 100.5 மணியும் ஆயின. ஹாலரித்துக்கு 72.5 மணி. பதிவு செய்ததை அட்டவணையாக்க மற்றவர்களுக்கு 44.5 மணியும் 55.5 மணியும் பிடித்தன. ஹாலரித்தின் இயந்திரம் 5.5 மணி நேரத்தில் முடித்துவிட்டது. 1890-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு அவர் கைக்கு வந்தது.

அந்த இயந்திரம் வேலை செய்த விதம் மிக எளிமையானது. ஊழியர் அட்டையை ஒரு தட்டில் வைத்து, கைப்பிடியைக் கீழே அழுத்துவார். மேலிருந்து ஊசிகள் இறங்கும். துளை இல்லாத இடத்தில் ஊசி அட்டையில் முட்டி நின்றுவிடும். துளை இருக்கும் இடத்தில் உள்ளே புகுந்து, கீழே உள்ள பாதரசக் கிண்ணத்தைத் தொடும். உடனே மின்சுற்று இணையும்; கடிகாரம் போன்ற முகப்பில் முள் ஓர் எண் முன்னேறும். அட்டை சரியாகப் படிக்கப்பட்டால் மணி ஒலிக்கும். ஒலிக்காவிட்டால் எங்கோ தவறு என்று பொருள். ஊழியர் அந்த அட்டையை ஒதுக்கி வைப்பார். பக்கத்திலேயே ஒரு பிரிப்புப் பெட்டி. அட்டை எந்தப் பிரிவைச் சேர்ந்ததோ அந்த அறையின் மூடி தானாகத் திறக்கும்.

இரண்டு மூன்று விவரங்களைச் சேர்த்துக் கேட்கவும் முடிந்தது. வெளிநாட்டில் பிறந்தவர், திருமணமானவர், ஆண் என்ற மூன்று இடங்களிலும் துளை இருந்தால் மட்டும் ஓர் எண் கூட வேண்டும் என்று கம்பிகளை இணைத்து வைக்கலாம். பழைய முறையில் மீண்டும் மீண்டும் புரட்ட வேண்டிய தாள்கள், இப்போது ஒரே ஓட்டத்தில் பல கேள்விகளுக்கு விடை தந்தன.

மொத்த மக்கள்தொகை சில வாரங்களில் எண்ணி முடிக்கப்பட்டது. ஏறத்தாழ 6 கோடியே 26 இலட்சம். இன்னும் அதிகம் எதிர்பார்த்த பத்திரிகைகள் இயந்திரத்தின் மீது பழி போட்டன. ஆனால் எண்ணிக்கை நிலைத்து நின்றது. அதே 1890-இல் தன் இயந்திரத்தைப் பற்றிய ஆய்வுக்காகக் கொலம்பியா அவருக்கு முனைவர் பட்டம் அளித்தது. லூசியா டால்காட் என்பவரைத் திருமணம் செய்துகொண்டதும் அந்த ஆண்டில்தான். அவர்களுக்கு ஆறு பிள்ளைகள்.

சரக்கு ரயில் கற்பித்த பாடம்

கணக்கெடுப்பு பத்தாண்டுக்கு ஒருமுறைதான் வரும். மீதி நாள்களில் இயந்திரத்துக்கு என்ன வேலை? 1890-களின் நடுவில் பணத் தட்டுப்பாடு அவரை வாட்டியது. அப்போது அவர் நியூயார்க் சென்ட்ரல் ரயில் நிறுவனத்தை நாடினார். அவர்களிடம் சரக்கு ரசீதுகள் மலைபோல் குவிந்து கிடந்தன.

ரயில் கணக்குக்குப் பழைய அட்டை போதவில்லை. ஆண், பெண் என்பது ஒரு துளையோடு முடிந்துவிடும். சரக்கின் எடை, கட்டணம், நிலைய எண் ஆகியவை பல இலக்கங்கள் கொண்டவை. ஆகவே அட்டையை நெடுவரிசைகளாகப் பிரித்தார். ஒரு நெடுவரிசையில் 0 முதல் 9 வரை இடங்கள். ஒரு நெடுவரிசைக்கு ஓர் இலக்கம். அடுத்தடுத்த சில நெடுவரிசைகளைச் சேர்த்தால் ஒரு புலம். முதல் சில நெடுவரிசைகள் நிலையத்துக்கு, அடுத்தவை எடைக்கு, அதற்கடுத்தவை கட்டணத்துக்கு. இயந்திரமும் எண்ணுவதோடு நிற்காமல் கூட்டவும் கற்றுக்கொண்டது. 1896-இல் அவர் சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். 1897-இல் ரஷ்யப் பேரரசின் கணக்கெடுப்பிலும் அவருடைய இயந்திரங்கள் ஓடின.

பின்னர் வந்த இயந்திரங்களில் கம்பிகளைச் செருகி மாற்றக்கூடிய ஒரு பலகை சேர்ந்தது. எந்த நெடுவரிசையிலிருந்து தொடங்கி எத்தனை நெடுவரிசைகளைப் படிக்க வேண்டும் என்பதை அந்தப் பலகையில் கம்பிகளை மாற்றித் தீர்மானிக்கலாம். எக்செலின் ‘மிட்’ செயற்கூறு நம்மிடம் கேட்பதும் இதைத்தான். எந்தக் கட்டம், எந்த இடத்தில் தொடங்குவது, எத்தனை எழுத்துகள். ‘லெஃப்ட்’ இடப்பக்கத்திலிருந்து எடுக்கும். ‘ரைட்’ வலப்பக்கத்திலிருந்து எடுக்கும். கம்பிக்குப் பதிலாக இன்று அடைப்புக்குறிக்குள் இரண்டு எண்களை எழுதுகிறோம். வேறுபாடு அவ்வளவே.

பிடிவாதமும் பிரிவும்

ஹாலரித் எளிதில் இணங்கும் மனிதர் அல்லர். இயந்திரங்களை விற்காமல் வாடகைக்கு மட்டுமே விட்டார். 1900-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புக்குப் பிறகு, கட்டணம் அதிகம் என்று அலுவலகம் முறையிட்டது. அவர் இறங்கி வரவில்லை. அலுவலகம் அவரை விட்டு விலகித் தானே இயந்திரம் செய்யத் தொடங்கியது. 1910-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அந்தப் புதிய இயந்திரங்கள்தாம் ஓடின. அவர் நீதிமன்றம் வரை போனார், பயன் இல்லை. தன் வாழ்க்கையின் தொடக்கப் புள்ளியாக இருந்த இடத்தையே அவர் இழந்தார்.

1911-இல் உடல்நலம் குன்றிய நிலையில் தன் பங்குகளை விற்றார். அவருடைய நிறுவனம் வேறு நிறுவனங்களோடு இணைக்கப்பட்டது. 1914-இல் தாமஸ் வாட்சன் அதன் பொறுப்புக்கு வந்தார். 1924-இல் அந்நிறுவனத்தின் பெயர் ஐபிஎம் என்று மாறியது. ஹாலரித்தோ பண்ணையிலும் படகிலும் மாடு வளர்ப்பதிலும் மனத்தைச் செலுத்தி, 1929-ஆம் ஆண்டு நவம்பர் 17-ஆம் நாள் வாஷிங்டனில் காலமானார்.

அவர் காணாத இன்னொரு பக்கமும் உண்டு. அவர் மறைந்து நான்கு ஆண்டுகளுக்குள், நாஜி அரசு ஜெர்மனியில் நடத்திய 1933-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அவருடைய மரபில் வந்த இயந்திரங்களே பயன்பட்டன. மக்களை மதம் வாரியாகப் பிரிப்பதும் அந்த அட்டைகளுக்கு எளிதாக இருந்தது. அட்டையில் இருப்பது துளைதான். ஆனால் துளைக்குப் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார்.

அட்டை போனாலும் பழக்கம் போகவில்லை

1928-இல் ஐபிஎம் 80 நெடுவரிசை அட்டையைக் கொண்டு வந்தது. கணினிகள் வந்த பிறகும் பல பத்தாண்டுகள் நிரல்கள் அதில்தான் எழுதப்பட்டன. ஃபோர்ட்ரான் மொழியில் முதல் ஐந்து நெடுவரிசைகள் வரி எண்ணுக்கு. ஏழு முதல் 72 வரை கட்டளைக்கு. ஓர் இடம் தள்ளித் துளையிட்டால் நிரல் ஓடாது.

அந்த மொழியில் எழுத்துச் சரத்தை எழுதும் முறைக்கே அவர் பெயர்தான். சொல்லில் எத்தனை எழுத்துகள் என்று விரல்விட்டு எண்ணி, அந்த எண்ணை முதலில் எழுதி, ஹாலரித்தின் முதல் எழுத்தான ‘எச்’ இட்டு, அதன் பிறகே சொல்லை எழுத வேண்டும். எண்ணிக்கையில் ஒன்று பிசகினாலும் தவறு. ஃபோர்ட்ரான் 77 இந்த முறையைக் கைவிட்டு, எழுத்துகளுக்கென்று தனி வகையையும், தொடக்க இடத்தையும் முடிவு இடத்தையும் கொடுத்துச் சரத்தின் ஒரு பகுதியை எடுக்கும் வசதியையும் தந்தது.

80 இடங்கள் என்ற நெருக்கடி மற்றொரு பழக்கத்தையும் விட்டுச் சென்றது. இடத்தை மிச்சப்படுத்த ஆண்டை இரண்டு இலக்கங்களில் எழுதினார்கள். 2000-ஆம் ஆண்டு நெருங்கியபோது உலகமே அதற்காகப் பதறியது. நம் அடையாள அட்டையிலும் ஆண்டுக்கு இரண்டு இலக்கங்கள்தாம். 04 என்பது 1904-ஆ, 2004-ஆ என்பதை அந்த இரண்டு இலக்கங்கள் மட்டும் சொல்லாது.

என் தவறுக்குத் திரும்புகிறேன்

விண்ணப்பித்தவர்களில் சிலர் அடையாள அட்டை எண்ணைக் கோடுகளோடு எழுதியிருந்தார்கள். எக்செல் அதை எழுத்தாக எடுத்துக்கொண்டது. சிலர் கோடில்லாமல் எழுதினார்கள். எக்செல் அதை எண் என்று எடுத்துக்கொண்டு, முன்னால் இருந்த பூச்சியத்தைத் தூக்கி எறிந்துவிட்டது. 12 இலக்கம் 11 ஆனது. எல்லா இடங்களும் ஒன்று தள்ளிப் போயின. 040517 என்று தொடங்க வேண்டியது 405170 என்று தொடங்கியது. ஆண்டு 40, மாதம் 51, நாள் 70. ஐம்பத்தொன்றாவது மாதம் உண்டா என்று எக்செல் கேட்கவில்லை. மாதங்களைக் கூட்டிக்கொண்டே போய் 1944-இல் நிறுத்திவிட்டது. நான் சோதித்த முதல் மூன்று வரிகளும் கோடு போட்டவை.

ஹாலரித்தின் இயந்திரத்தில் அட்டை பிசகினால் மணி ஒலிக்காது. என் சூத்திரத்தில் அப்படி ஒரு மணியை நான் வைக்கவில்லை.

திருத்தும் வழி கடினமானது அல்ல. முதலில் ‘சப்ஸ்டிட்யூட்’ கொண்டு கோடுகளை நீக்குங்கள். பிறகு முன்னால் 12 பூச்சியங்களை ஒட்டி, ‘ரைட்’ கொண்டு வலப்பக்கத்திலிருந்து 12 எழுத்துகளை எடுங்கள். இழந்த பூச்சியம் தானாகத் திரும்பி வரும். ஆனால் அதற்கு முன்பே ‘லென்’ கொண்டு மூல எண்ணின் நீளத்தைப் பாருங்கள். அது 12-ஆகவோ 14-ஆகவோ இல்லாத வரிகளை வண்ணமிட்டுக் காட்டச் செய்யுங்கள். அதுதான் நம் மணி.

பெயர்களைப் பிரிக்கும்போது இடத்தை எண்ணிப் பயனில்லை. ஒவ்வொரு பெயருக்கும் ஒவ்வொரு நீளம். பெயருக்கும் தந்தை பெயருக்கும் இடையில் வரும் ‘ஏ/எல்’, ‘ஏ/பி’ எங்கே இருக்கிறது என்பதை ‘சர்ச்’ கொண்டு தேடி, அதற்கு இடப்பக்கம் உள்ளதை எடுக்க வேண்டும். ‘ஃபைண்ட்’ பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு பார்க்கும், ‘சர்ச்’ பார்க்காது. இப்படிப் பிரிப்பு இல்லாமல் எழுதப்பட்ட பெயர்களுக்குத் தனி வழி வேண்டும்.

தமிழில் எழுதிய பெயரானால் மேலும் கவனம் தேவை. தமிழ் என்ற சொல்லில் நமக்கு மூன்று எழுத்துகள். ‘லென்’ ஐந்து என்று சொல்லும். ஏனெனில் கணினி இகரக் குறியையும் புள்ளியையும் தனித்தனி இடங்களில் வைத்திருக்கிறது. மீனா என்ற பெயரின் முதல் எழுத்தைக் கேட்டால் வெறும் ‘ம’ வரும்.

பட்டியலைத் திருத்தி, மன்னிப்புக் கடிதத்தோடு அனுப்பினேன். விடுபட்ட 19 பேருக்கும் மூன்றாவது வாரத்தில் கூப்பன் போய்ச் சேர்ந்தது. அதற்குள் கடந்துபோன நாள்களைத் திருத்த எந்தச் செயற்கூறும் இல்லை. நீங்களும் பள்ளிக் கழகத்துக்கோ கோயில் திருவிழாவுக்கோ ஒரு நாள் பட்டியல் தயாரிப்பீர்கள். மேலே உள்ள மூன்று வரிகளோடு நிறுத்திவிடாதீர்கள். நடுவிலும் கடைசியிலும் சில வரிகளைப் பாருங்கள். யாரையாவது நீக்குகிறீர்கள் என்றால், நீக்கப்பட்டவர்களின் பட்டியலை ஒருமுறை படித்துவிட்டு அனுப்புங்கள்.